நல்வரவு என்ற ஆமை

போன மாதப் பயிற்சி வகுப்பின் தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து ஒரு சங்கடத்தைச் சொன்னார். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் இரண்டு ஆமைகள். 'முதலில் இதை எடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் ஆமையை எடுக்கவில்லை. அடுத்த முறை இவர் போனபோது கதவையே திறக்கவில்லை. 'நான் சொன்னதில் என்ன தப்பு?' என்று கேட்டார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் தப்பில்லை. மருந்தாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனவர் இருக்கும் வீட்டில் ஆமை, பல்லி, பாம்பு வகைகளை வளர்க்காமல் இருப்பதுதான் நல்லது. அது இன்றும் என் கருத்து. ஆனால் நாம் போகும் வீட்டில் பெரும்பாலும் அவை ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்குப் பெயரும் இருக்கும். பெயர் வைத்த பிராணியை எடு என்று சொல்வதற்கு முன்னால், அது அந்த வீட்டில் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் கோட்டுச்சேரியில் ஒரு வாத்தியார் வீட்டில் தெரிந்துகொண்டேன்.

என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பு பதிகிற குமாஸ்தா. தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதனால் வருடமும் மாதமும் சரியாகவே இருக்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1981ஆம் வருடம் ஆவணி மாதக் கடைசி. நான் அப்போது கோட்டுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பொது சுகாதார நர்ஸ். ஒரு மத்தியானம் டவுன் ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், ஆகையால் டாக்டரம்மா என்றே சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்காரர். நோயாளியிடம் 'வழக்கமா என்ன சாப்பிடுவீங்க' என்று ஒருநாளும் கேட்கமாட்டார். 'நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேந்து சொல்லு' என்பார். 'வழக்கமா' என்று ஆரம்பிப்பவரைக் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். வழக்கம் என்று கேட்டால் செய்ய நினைப்பதைச் சொல்வார்கள், நேற்று என்று கேட்டால்தான் செய்ததைச் சொல்வார்கள் என்பார்.

அன்று அவர் மேசையில் கோட்டுச்சேரிப் பெண் ஒருத்தியின் காகிதங்கள் இருந்தன. பெயர் பூங்கோதை. இருபத்திரண்டு வயது இருக்கும். தட்டச்சு ஹையர் தேறி வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது. புதுச்சேரி டாக்டர்கள் சிறுநீரகக் கோளாறு என்று கண்டு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை நன்றாகக் கேட்டது. ஆனால் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றும்போதே உடம்பின் காவலையும் தளர்த்திவிடும். வைகாசியில் கடும் காய்ச்சல், ரத்தத்தோடு பேதி. டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தார்கள். நாங்கள் போய்க் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டோம், கொதித்த தண்ணீர் குடிக்கச் சொன்னோம். ஆவணியில் மறுபடியும் அதே காய்ச்சல், அதே பேதி. இந்த முறை மலப் பரிசோதனை புதுச்சேரிக்குப் போனது. வந்த பதில் டைபாய்டு இல்லை. அதன் பங்காளி என்று சொல்லத்தக்க வேறொரு சால்மொனெல்லா கிருமி. கோழி, வாத்து போன்ற பிராணிகளிடமிருந்து மனிதனுக்கு வருவது.

டாக்டரம்மா மெதுவாகத்தான் பேசினார். "மாத்திரைய நிறுத்துனா கிட்னி போயிடும் சிஸ்டர். நிறுத்தாட்டி இந்தக் கிருமி ரத்தத்துல ஏறிடும். மூணாவது தடவ இதே மாதிரி வந்து படுத்தாள்னா, அவள வீட்டுக்குத் திருப்பி அனுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது. எங்கேந்து வருதுன்னு பாத்துட்டு வாங்க."

மறுநாள் காலையில் கோட்டுச்சேரி கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். அந்தத் தெருவில் நுழைந்ததுமே எதிர்வீட்டு ராஜாம்பாள் என்னை நிறுத்திவிட்டார். வாத்தியார் வீட்டுக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்த வீட்ல ஆமை பூந்துருக்கு சிஸ்டர். பூந்த வீட்ல என்னா வைத்தியம் பாத்து என்னா ஆவப்போவுது. சொன்னா வாத்தியாரு பல்லக் காட்றாரு."

நான் புன்னகைத்துவிட்டு நடந்தேன். ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் கெடும் என்ற பேச்சு நம் பக்கத்தில் எல்லோரும் கேட்டதுதான். ஞானஸ்நானம் பெற்ற எங்கள் வீடுகளிலும் அந்தப் பயம் உண்டு. சிலுவையையும் மாட்டி வைத்துக்கொண்டு ஆமையையும் துரத்துவோம்.

வாத்தியார் பெயர் இளம்பரிதி. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைத் தாமே மாற்றிக்கொண்டவர். பூவத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம். தினமும் சைக்கிளில் போய் வருவார். வீட்டில் சாமி படம் கிடையாது, நல்ல நேரம் பார்ப்பது கிடையாது. கொஞ்சம் நிலமும் உண்டு. நாற்று நடுவதற்கும் நாள் பார்க்காதவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க சிஸ்டர். எதுத்த வீட்ல நோட்டீஸ் குடுத்துருப்பாங்களே, வாங்கிட்டிங்களா?"

வாங்கிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்து, அது இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம் என்றார். பூங்கோதை உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தாள். மாத்திரை அவள் முகத்தை உருண்டையாக ஊத வைத்திருந்தது; கன்னச் சதைக்கு மேலே கண்கள் இரண்டு கோடுகளாகத் தெரிந்தன. ஆனால் பேச்சில் அப்பாவின் மகள். "அப்பா, அவங்க என்னப் பாக்க வந்தாங்களா, ஒங்கள பாக்க வந்தாங்களா?" என்றாள். வாத்தியார் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

கோழி உண்டா, வாத்து உண்டா என்று கேட்டேன். இல்லை. பால் காய்ச்சித்தான் குடிக்கிறாள். முட்டை வேகவைத்துத்தான். தண்ணீரை அவள் அம்மா கமலம் கொதிக்க வைத்தே ஊற்றுகிறார். எல்லாம் நாங்கள் சொன்னபடி. அப்போதுதான் டாக்டரம்மாவின் கேள்வியை எடுத்தேன். நேற்றுக் காலையில் கண் விழித்ததிலிருந்து சொல் என்றேன்.

பல் தேய்த்தாள். பிறகு நல்வரவுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

நல்வரவு யார் என்றேன். ஆமை என்றாள். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் இருக்கிறது. பழைய தண்ணீரைப் பாத்திரம் துலக்கும் கல்லில் ஊற்றிவிட்டு, தொட்டியைத் தேய்ப்பாள். தேய்க்கும் வரைக்கும் ஆமையை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். அரிசி களைகிற பேசினில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் விடுவாள். அப்புறம் வந்து இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

"நடுவுல கை கழுவுனியா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவ்வளவு நேரம் தண்ணிக்குள்ளதான சிஸ்டர் கைய வச்சுருந்தேன். தனியா வேற கழுவணுமா?"

மத்தியானம் ஆமை அடுக்களைக்குள் வரும். அவள் பக்கத்தில் வந்து நிற்கும். கையால் சோறு வைத்தால் வாங்கிக்கொள்ளும். அதே கையால் அவளும் சாப்பிடுவாள். இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிட்டது. சேற்று நிறத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வயலாமை. நிலைப்படியை ஏறி இறங்கிப் பழகிய நடை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத, நன்றாக வளர்ந்த பிராணி. அதுதான் விஷயமே. இந்தக் கிருமி ஆமையின் குடலில் ஆமைக்கு ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். எழுபதுகளில் அமெரிக்காவில் குழந்தைகளுக்குச் சின்ன ஆமைகளை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். காரணம் இதே கிருமி. ஆஸ்பத்திரிக்கு வரும் பழைய பத்திரிகை ஒன்றில் நான் அதைப் படித்திருந்தேன். கோட்டுச்சேரியில் அதை நினைத்துப் பார்க்க எனக்குக் காரணம் இருந்ததில்லை.

அந்த ஆமை அங்கே வந்த கதையை வாத்தியாரே பெருமையாகச் சொன்னார். 1978 கோடையில் வாய்க்கால் வெட்டும்போது காய்ந்த சேற்றிலிருந்து வந்தது. கறிக்கு எடுத்துப்போக ஒருவர் நின்றார், வீட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று இன்னொருவர் பதறினார். இவர் அதை வாங்கிக்கொண்டு வந்து, சித்திரை முதல் நாளில், தெருவையே கூப்பிட்டு மிட்டாய் கொடுத்து, வாசற்படியில் இறக்கி உள்ளே நடக்கவிட்டார். நல்வரவு என்று பெயரும் வைத்தார். வருடா வருடம் அந்த நாளில் ராஜாம்பாளுக்கு ஒரு மிட்டாய் போகும்: வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். பெண்ணுக்கு நோய் வந்த வருடம் மிட்டாய் போகவில்லை. தெரு அதைக் கவனித்தது. ஒருமுறை கமலம் தாங்கமாட்டாமல் மீன் விற்க வந்த அம்மாளிடம் ஆமையைக் கொடுத்து எங்கேயாவது விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சைக்கிளைத் திருப்பிக் கடலோரக் கோட்டுச்சேரிமேடு வரைக்கும் போய், கூடையோடு அதைத் திரும்ப வாங்கி வந்தார்.

வயலாமையைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சட்டம் அப்போதும் இருந்தது, எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை, நானும்தான். இன்று உங்களுக்குத் தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். தெரு ஆமையைச் சொல்கிறது, தவறான காரணத்துக்காக. நானும் ஆமையைத்தான் சொல்ல வேண்டும், சரியான காரணத்துக்காக. ஆனால் வாத்தியாரின் காதில் இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் விழும். எடுங்கள் என்று நான் சொன்னால் எதிர்வீடு ஜெயித்ததாக ஆகும், அதற்கு அவர் உயிர் போனாலும் சம்மதிக்கமாட்டார். போகப்போவது அவர் உயிரும் இல்லை.

கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். பார்க்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அவசரமான இடத்தில் ஒரு நிமிஷம் கிணற்றடியில் நிற்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். துலக்குகிற கல்லில் காலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயாமல் இருந்தது. அதன் மேல் சோற்றுப் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கமலம் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், கொதித்த தண்ணீரை அந்தக் கல்லில் கழுவின சொம்பில் ஊற்றுவதும் ஒரே வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து, ஆமையைப் பற்றிப் பேசாமல் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். தொட்டித் தண்ணீரில் பூங்கோதைக்கு வந்த கிருமி இருக்கலாம், அது கல்லுக்கும் பேசினுக்கும் கைக்கும் போகிறது என்றேன். வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீங்களுமா சிஸ்டர்?"

இல்லை சார், நான் சொல்வது வேறு என்றேன். ஆமை உள்ளே வந்ததால் நோய் வரவில்லை. சிறுநீரகக் கோளாறுக்கும் ஆமைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இந்தக் காய்ச்சல் மட்டுந்தான் என்றேன். உங்களுக்கும் எனக்கும் அந்தத் தண்ணீர் ஒருவேளை ஒன்றும் செய்யாது, மாத்திரை சாப்பிடுகிற இவளுக்குச் செய்யும் என்றும் சொன்னேன். அவர் எழுந்து கூடத்தில் நடந்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடி, அவருக்குப் பழக்கமான ஆயுதத்தை எடுத்தார். பரிசோதனை செய்யுங்கள், தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

எடுத்துப் போகிறேன், ஆனால் இருந்தால்தான் நிச்சயம், இல்லையென்று வந்தால் அது எதையும் நிரூபிக்காது, சில நாள் வெளிப்படும் சில நாள் வெளிப்படாது என்று அங்கேயே சொன்னேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதில் வரும்வரைக்கும் இருக்கிறபடி இருக்கட்டும் என்றார்.

"பரீட்சைத் தாளத் திருத்துறதுக்கு முன்னாடியே பாஸுன்னு சொல்லிருவிங்களா சார்?"

பூங்கோதை சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கிடைத்த இடம் போதுமானதாக இருந்தது.

அன்று மாலைக்குள் தொட்டி கொல்லைக் கோடியில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனது. அதற்கென்று ஒரு வாளி, ஒரு தேங்காய் நார், இரண்டிலும் சிவப்புப் பெயிண்ட். அவை வேறு எதற்கும் வரக் கூடாது. பழைய தண்ணீர் கிணற்றுக்கு எட்டாத வாழைக்குப் போகும். ஆமை நிலைப்படியைத் தாண்டாது. தண்ணீர் மாற்றுவதும் தீனி வைப்பதும் வாத்தியார் வேலை, வேலை முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூங்கோதை தூரத்தில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. பழைய பேசின் பரணுக்குப் போகவில்லை, குப்பைக்குப் போனது. பரணுக்குப் போனது எப்படியும் கீழே இறங்கிவிடும். துலக்குகிற கல்லைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தோம். கமலம் இதையெல்லாம் உடனுக்குடன் செய்தார். அவருக்கு ஆமை கொட்டகைக்குப் போனதே பாதி நிம்மதி, காரணம் எதுவானால் என்ன.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஆமை முழுதாகப் போனால்தான் தமக்கு நிம்மதி என்றார். "ஆனா அந்த மனுஷன் கதவச் சாத்திட்டாருன்னா நமக்கு ஆமையும் தெரியாது, பொண்ணும் தெரியாது. கதவு தொறந்து இருக்கட்டும். நீங்க அடிக்கடி போங்க."

ஐப்பசி மழையோடு புதுச்சேரியிலிருந்து பதில் வந்தது. தொட்டித் தண்ணீரில் அந்தக் கிருமி இல்லை.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்ததை இன்றும் மறக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை என்று சொல்லலாம். தண்ணீர் போதவில்லையாம், திருப்பி எடுக்க வேண்டுமாம் என்று சொல்லலாம். ஒரு நல்ல காரியத்துக்கான பொய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே கைமுதல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்வோம் என்ற அவருடைய நம்பிக்கை. அது போனால் அடுத்து நான் சொல்லும் எதையும் அவர் எதிர்வீட்டு நோட்டீஸோடுதான் சேர்ப்பார். காகிதத்தைக் கொடுத்தேன்.

அவர் இருமுறை படித்தார். அதற்குள் அந்த வீட்டில் வேறொன்று நடந்திருந்ததை நான் அறியவில்லை. ஆமை கொட்டகைக்குப் போனதைத் தெரு பார்த்திருந்தது. அன்று காலையில்தான் ராஜாம்பாள் கமலத்தைக் குழாயடியில் பார்த்து, வாத்தியாரும் கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் பார்த்தாயா என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். கமலம் அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் எழுந்து கொல்லைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஆமை. கொல்லை வழியாக உள்ளே வரவில்லை. சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்து, வாசலுக்கு நேரே நின்றார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் வாசற்படியில் இறங்கி அவருக்குக் குறுக்கே நின்றேன்.

"பேப்பர் இல்லங்குது. நீங்க இருக்குங்கிறிங்க. கண்ணால காணாதத நம்பச் சொல்றிங்க சிஸ்டர். இது ஒங்க கோயில் பேச்சு. என் வீட்ல செல்லாது."

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குக் கோபம் பதிலாகாது. நம்பச் சொல்லவில்லை சார், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறேன் என்றேன். ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடுகிறீர்கள், திருடனைப் பார்த்துவிட்டா போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு நாள் தண்ணீரில் இல்லையென்றால் அந்த ஒரு நாள் இல்லை என்பதைத்தான் காகிதம் சொல்கிறது. அறிவியல் வாத்தியாருக்கு நான் இதைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அவர் நகரவில்லை. ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தூறலும் விழ ஆரம்பித்தது.

பூங்கோதை என் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. குரல்தான் கேட்டது.

"அப்பா. அது உள்ள வந்தா தெரு தோத்துரும். அது வெளிய இருந்தா நான் பொழச்சுக்குவேன். ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. மூன்று வருடம் அந்த ஆமைக்குத் தண்ணீர் மாற்றியவள் அவள், தெருவுக்காகப் பேசுகிறாள் என்று அவரால் நினைக்க முடியாது. நான் எத்தனை பத்திரிகை படித்திருந்தாலும் எனக்கு அந்த வாக்கியம் கிடைத்திருக்காது. அங்கே பேசும் உரிமையும் அவளுக்குத்தான் இருந்தது. நான் செய்ததெல்லாம் அவள் பேசும்வரைக்கும் வாசலில் நின்றது.

அவர் சந்து வழியாகவே திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் வாளிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஈரக் கையோடு முன்பக்கம் வந்தார்; சோப்பு வாசனை வந்தது. எங்களைத் தாண்டி நேரே தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போனார்.

"ராஜாம்பா, நீங்க சொன்னதுக்காவ வெளிய போவல. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க. ஆனா வெளியதான் இருக்கும்."

ராஜாம்பாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலைப் பார்த்தார். "எதுக்காவப் போனா என்னாங்க. பொண்ணு நல்லாருந்தா சரி" என்றார். எத்தனையோ வருடச் சண்டையில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் பேச்சுக்கு வேலை குறைந்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஏதாவது புதிதாக எழுதியிருக்கும். முதலில் 'தொட்டவர் கை கழுவவும்'. பிறகு அதன் கீழே 'சோப்புடன்'. பிறகு 'தண்ணீரில் கை நனைவது கை கழுவுவது ஆகாது'. இதைப் பள்ளிக்கூடத்திலும் பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டதாகக் கமலம் சொன்னார். தண்ணீரை இன்னொரு முறை பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று நான் கேட்டபோது, எதற்கு என்று வாத்தியார் கேட்டார். அந்த மழைக்காலமும் பங்குனியும் காய்ச்சல் இல்லாமல் கடந்தன. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று புதுச்சேரியிலிருந்து சொன்னார்கள். காய்ச்சல் நின்றது ஆமையைத் தள்ளி வைத்ததாலா, கல்லைத் தேய்த்ததாலா, வேறெதனாலா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும், தெரிந்துகொள்ள ஒரே வழி மூன்றாவது காய்ச்சல்தான் என்றார்.

1982 சித்திரையில் எனக்குத் திருமலைராயன்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அந்த வீட்டை வேறொருவர் பார்த்துக்கொண்டார். புதிய இடத்தில் வேலை அதிகம். எப்போதாவது டாக்டரம்மாவைப் பார்த்தால் கேட்பேன், நன்றாயிருக்கிறாள் என்று மட்டும் சொல்வார்.

உங்களில் கேட்டவருக்கு: அந்தச் சிறுநீரகம் மாற்றிய வீட்டுக்கு மறுபடியும் போங்கள். கதவைத் திறக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள். திறந்ததும் அந்த ஆமைகளுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள், யார் வாங்கி வந்தது என்று கேளுங்கள். தொட்டித் தண்ணீரை யார் மாற்றுகிறார், எங்கே ஊற்றுகிறார், நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள். ஆமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முடியாதென்றால் அது இருக்கும் இடமும் நோயாளி சாப்பிடும் இடமும் சேராமல் செய்யுங்கள். தொடுகிற கை அவருடைய கையாக இருக்க வேண்டாம். மீதியை அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். அவர் சொல்லும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1983 தை மாதம், பொங்கலுக்குப் பிறகு, பூவத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரைக்கால் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம், நின்றுகொண்டுதான் வந்தேன். கோட்டுச்சேரியில் ஏறிய சிலர் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு சீட்டு காலியானது. அதில் உட்காரப்போன ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு விலகி, ஒக்காருங்க சிஸ்டர் என்றாள். ஒல்லியான, நீள முகம், பெரிய கண்கள். தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னேன். எந்த ஊரும்மா என்றும் கேட்டுவைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"என்னத் தெரியலிங்களா? பூங்கோதை சிஸ்டர்."

தீபாவளிக்கு முன்னமே மாத்திரையை முழுக்க நிறுத்திவிட்டார்களாம். கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு வேலை கிடைத்து அந்த வாரந்தான் சேர்ந்திருந்தாள். நல்வரவு எப்படி என்று கேட்டேன். கொழுத்துப்போய்விட்டதாம். இப்போது நீ தொடலாம், கை கழுவினால் போதும் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாராம். "அப்பாதான் விட மாட்டேங்கிறாரு சிஸ்டர். நான் தொடுறதுக்கு முன்னாடியே கழுவச் சொல்றாரு" என்றாள்.

பஸ் காரைக்காலுக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாத்திரை காலத்தில்தான் எனக்கு அவளைத் தெரியும். அவளுடைய சொந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.